அழுத்தமின் பீங்கான் மின்மாற்றியும் கணிப்பொறி மாதிரியும்

சமையலறையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் கைக்கருவி பலரும் அறிந்த ஒன்று. அதன் விசையை அழுத்தியவுடன் உள்ளேயுள்ள சிறு சுத்தி ஒரு பீங்கான் துண்டைத் தாக்குகிறது. உடனே முனையில் மின்பொறி தோன்றுகிறது. அக்கருவியில் மின்கலமும் இல்லை, கம்பிச் சுருளும் இல்லை. அதிர்ச்சியால் பீங்கான் நசுங்கும் கணத்தில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. இவ்வியல்புக்கு அழுத்த மின்விளைவு என்று பெயர். இதே இயல்பைக் கொண்டு, காந்தமும் கம்பிச் சுருளும் இன்றி மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றியையும் அமைக்கலாம். அதன் செயல்முறையும், அதனைச் செய்து பார்க்கும் முன்பே கணிப்பொறியில் மதிப்பிடும் முறையும், அம்மதிப்பீடு எவ்விடங்களில் ஏமாற்றும் என்பதும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

வரலாறு

1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு முதலிய படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். மின்புலம் அளித்தால் படிகம் நீளவோ குறுகவோ வேண்டும் என்று அடுத்த ஆண்டில் லிப்மன் கணித முறையில் முன்கூறினார்; அதனையும் கியூரி சகோதரர் பரிசோதனையால் உறுதி செய்தனர். முன்னது நேர்விளைவு, பின்னது எதிர்விளைவு எனப்படும்.

இரண்டாம் உலகப் போரின்போது பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானின் சிறப்பியல்புகள் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே கண்டறியப்பட்டன. 1950-களில் ஈய ஸிர்க்கோனேட் டைட்டனேட் என்னும் இன்னும் திறன் மிக்க பீங்கான் உருவாயிற்று. படிகங்களை அறுத்துப் பயன்படுத்துவதை விடப் பீங்கானை வேண்டிய வடிவில் அழுத்திச் சூளையில் சுட்டெடுப்பது எளிது. சுட்ட பீங்கானில் உள்ள நுண்பகுதிகளின் மின்முனைவுகள் பல திசைகளில் சிதறியிருக்கும். வலிய மின்புலத்தில் வைத்து அவற்றை ஒருமுகப்படுத்துவதற்கு முனைவாக்கம் என்று பெயர். முனைவாக்கம் பெற்ற பின்னரே பீங்கான் அழுத்தமின் இயல்பைப் பெறும்.

இத்தகைய பீங்கானைக் கொண்டு மின்மாற்றி அமைக்கும் முறையை 1950-களில் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் சார்லஸ் ரோஸன் வெளியிட்டார். 1990-களில் மடிக்கணினித் திரைகளின் பின்னே இருந்த மெல்லிய ஒளிக்குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் தர இது பயன்பட்டது. பின்னர் ஒளியுமிழ் டையோடுகள் வந்தமையால் அவ்வுபயோகம் மறைந்தது. எனினும், குறைந்த இடத்தில் உயர் மின்னழுத்தம் தேவைப்படும் கருவிகளுக்கும், காந்தப்புலம் கூடாத இடங்களுக்கும் இம்மின்மாற்றி தகுதியுடையதாகும்.

அமைப்பும் செயலும்

ரோஸன் வகை மின்மாற்றி ஒரு நீள்சதுரப் பீங்கான் தகடு. எடுத்துக்காட்டாக, 50 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் கொண்ட தகட்டை எடுத்துக்கொள்ளலாம். இதன் இடப்பாதியில் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் வெள்ளிப் பூச்சினாலான மின்வாய்கள் உள்ளன. இப்பாதி கனத்தின் திசையில் முனைவாக்கம் பெற்றது. வலப்பாதி நீளத்தின் திசையில் முனைவாக்கம் பெற்றது. அதன் மின்வாய் தகட்டின் வலக்கோடியில் உள்ளது.

இடப்பாதிக்கு மாறுதிசை மின்னழுத்தம் அளித்தால், எதிர்விளைவினால் அப்பாதி நீண்டும் குறுகியும் அதிர்கிறது. அவ்வதிர்வு தகடு முழுவதும் பரவுகிறது. வலப்பாதி இழுபட்டும் நசுங்கியும் அதிரும்போது, நேர்விளைவினால் அதன் கோடியில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆகவே மின்சக்தி முதலில் யந்திர அதிர்வாகவும், பிறகு மீண்டும் மின்சக்தியாகவும் மாறுகிறது. சாதாரண மின்மாற்றியில் காந்தப்புலம் ஆற்றும் தூதுப்பணியை இங்கு அதிர்வு ஆற்றுகிறது.

ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையும் பெரிய வீச்சைத் தரும். தகட்டுக்கும் அவ்வாறு இயல்பான அதிர்வெண்கள் உண்டு. அளிக்கும் மின்னழுத்தத்தின் அதிர்வெண் அவற்றுள் ஒன்றோடு இணங்கும்போது ஒத்ததிர்வு நிகழ்கிறது. ஒத்ததிர்வு இல்லையேல் இம்மின்மாற்றியும் இல்லை.

கையால் செய்யும் முதற்கணக்கு

கணிப்பொறியை அணுகுமுன் கையால் ஒரு கணக்குச் செய்தல் இன்றியமையாதது. பெரும்பிழை நேர்ந்தால் அதனைக் காட்டிக் கொடுப்பது இக்கணக்கே.

இவ்வகைப் பீங்கானின் மீட்சிக் குணகம் சதுர மீட்டருக்குச் சுமார் 8,100 கோடி நியூட்டன்; அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 7,500 கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் கண்டால், தகட்டில் ஒலி செல்லும் வேகம் விநாடிக்குச் சுமார் 3,300 மீட்டர் எனக் கிடைக்கும். தகட்டின் நீளத்தில் அரை அலை அடங்குமாயின் அதிர்வெண் 33,000 ஹெர்ட்ஸ். முழு அலை அடங்குமாயின் 66,000 ஹெர்ட்ஸ். வலப்பாதியில் அதிர்வும் முனைவும் ஒரே திசையில் இருப்பதால் அங்கு விறைப்பு சற்று மிகுதி. ஆதலால் உண்மையான எண்கள் இவற்றைவிடச் சிறிது உயரும்.

அரை அலை அதிர்வில் தகட்டின் நடுவிடம் அசையாத கணுவாகும். அசையாத இடத்தில்தான் தகைவு மிக அதிகம். இருவேறு முனைவாக்கம் பெற்ற பாதிகள் கூடும் நடுவிடமே பீங்கானின் வலிமை குன்றிய இடம். எனவே இம்முறையில் தகடு நடுவில் பிளக்கும் அபாயம் உண்டு. முழு அலை அதிர்விலோ, கணுக்கள் இடக்கோடியிலிருந்து சுமார் 12.5 மில்லிமீட்டரிலும் 37.5 மில்லிமீட்டரிலும் அமைகின்றன. நடுவிடத்தில் தகைவு ஏறத்தாழ இல்லாமற் போகிறது. தகட்டைத் தாங்கும் பிடிகள் கணுக்களில் அமைய வேண்டும். பிற இடங்களில் பிடித்தால் அதிர்வின் சக்தி பிடிகளில் வீணாகும்.

இனி மின்தேக்குத் திறன். பீங்கானின் மின்காப்பு மாறிலியைச் சுமார் 1,300 எனக் கொண்டால், இடப்பாதியின் மின்தேக்குத் திறன் சுமார் 1,440 பிக்கோபாரட். வலப்பாதியின் திறன் சுமார் 9 பிக்கோபாரட் மட்டுமே. இவ்விரண்டின் விகிதம் 156. அரைநீளத்தைக் கனத்தால் வகுத்துக் கிடைக்கும் 12.5 என்னும் எண்ணின் வர்க்கமும் அதுவே. மின்னழுத்தம் உயர்வதற்குத் தகட்டின் நீளமும் கனமும் எவ்வாறு காரணமாகின்றன என்பதை இவ்விகிதம் உணர்த்தும்.

மாதிரியின் மூன்று படிகள்

கணித மாதிரி என்பது பொருளின் நடத்தையைச் சமன்பாடுகளால் உருவகிப்பதாகும். பீங்கான் மின்மாற்றிக்கு மூன்று படிகளில் மாதிரி அமைக்கப்படுகிறது.

முதற்படி, சமானச் சுற்று. யந்திர அதிர்வுக்கும் மின்சுற்றுக்கும் இடையே ஓர் ஒப்புமை உண்டு. விசையை மின்னழுத்தமாகவும் திசைவேகத்தை மின்னோட்டமாகவும் கருதினால், தகட்டின் நிறை தூண்டுசுருளாகவும், மீட்சி மின்தேக்கியாகவும், உராய்வு மின்தடையாகவும் மாறிவிடும். இம்மூன்றையும் தொடராக இணைத்து, இருபுறமும் முன்கூறிய மின்தேக்குத் திறன்களைச் சேர்த்து, இடையில் ஓர் இலட்சிய மின்மாற்றியை வைத்தால், ஒத்ததிர்வின் அருகே தகட்டின் நடத்தை முழுவதும் அச்சுற்றில் அடங்கும். 1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான ‘ஸ்பைஸ்’ போன்ற சுற்றுக் கணிப்பு நிரல்களில் இதனை எளிதில் தீர்க்கலாம்.

இரண்டாம் படி, ஒருதிசை அலை மாதிரி. தகட்டின் நீளத்தில் ஓடும் அலையைச் சமன்பாடாக எழுதி, இரு பாதிகளும் கூடும் இடத்தில் அசைவும் விசையும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையைச் சேர்ப்பது இம்முறை. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வாரன் மேசன் வகுத்த சுற்றுமுறை இத்துறையில் பெரிதும் கையாளப்படுகிறது. அரை அலை, முழு அலை, ஒன்றரை அலை ஆகிய எல்லா அதிர்வுகளும் இதில் ஒருங்கே கிடைக்கும்.

மூன்றாம் படி, சிறுகூறு முறை. தகட்டை வலைபோன்ற பல சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் மூலையிலும் மூன்று திசை அசைவுகளையும் மின்னழுத்தத்தையும் கணிப்பது இம்முறை. அழுத்தமின் பொருள்களுக்கு இதனைப் பொருத்திக் காட்டிய அடிப்படைக் கட்டுரையை அல்லிக், ஹியூஸ் என்னும் இருவர் 1970-இல் வெளியிட்டனர். இதற்கு முனைவாக்கம் பெற்ற பீங்கானின் பத்து மாறிலிகள் தேவை: மீட்சி மாறிலிகள் ஐந்து, அழுத்தமின் மாறிலிகள் மூன்று, மின்காப்பு மாறிலிகள் இரண்டு.

எந்தப் படி எப்போது போதும்? தகட்டின் அகலம் நீளத்தை நோக்கச் சிறிதாயின் முதலிரு படிகளே போதுமானவை. 10 மில்லிமீட்டர் அகலத்தில் அரை அலை அடங்கும் அதிர்வெண் சுமார் 1,65,000 ஹெர்ட்ஸ். அது 66,000-க்கு வெகு தொலைவில் உள்ளது. அகலத்தை 25 மில்லிமீட்டராக்கினால் நிலைமை முற்றிலும் மாறும். அப்போது அகல அதிர்வின் எண்ணும் 66,000 ஆகி, நீள அதிர்வோடு பின்னிக்கொள்ளும். ஒருதிசை மாதிரியோ இதனை அறியாது, முன்போலவே தூய விடையைத் தரும். இத்தகைய தகட்டுக்குச் சிறுகூறு முறையே தக்கது.

மாதிரி ஏமாற்றும் இடங்கள்

கணிப்பொறி கொடுத்த வினாவுக்கே விடை தரும். வினா சரியா என்பதை அது ஆராயாது. ஆதலின் பின்வரும் ஐந்து இடங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

1. முனைவுத் திசை. அட்டவணைகளில் உள்ள மாறிலிகள், முனைவாக்கத் திசையை மூன்றாம் அச்சாகக் கொண்டவை. இடப்பாதியில் அத்திசை கனத்தின் வழியே செல்கிறது. வலப்பாதியில் நீளத்தின் வழியே செல்கிறது. வலப்பாதிக்கு அச்சைத் திருப்பித் தராமல் அதே அட்டவணையைப் புகுத்தினால், வலப்பாதி தன் கோடியில் மின்னழுத்தத்தைத் தராத பொருளாக மாதிரியில் அமைந்துவிடும்.

2. அதிர்வெண் இடைவெளி. அதிர்வு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைத் தரக் குணகம் உணர்த்தும். அக்குணகம் 500 ஆயின், 66,000 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வின் பட்டை அகலம் 132 ஹெர்ட்ஸ் மட்டுமே. கணிப்பை 1,000 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நடத்தினால், சிகரம் இரு புள்ளிகளுக்கு இடையே ஒளிந்துகொள்ளும். வரைபடத்தில் சிறு மேடே தென்படும். சிகரத்தின் அருகே 10 ஹெர்ட்ஸ் அளவுக்கு இடைவெளியைக் குறுக்குதல் நலம்.

3. கால அளவு. மின்னழுத்தம் அளித்தவுடன் அதிர்வு முழு வீச்சை எட்டிவிடாது. தரக் குணகம் 500 ஆயின், இறுதி வீச்சின் 63 சதவிகிதத்தை எட்டவே சுமார் 160 சுற்றுகள், அதாவது 2.4 மில்லிவிநாடி ஆகும். முழு வீச்சை நெருங்க 12 மில்லிவிநாடி வேண்டும். காலவழிக் கணிப்பைப் பத்துச் சுற்றுகளோடு நிறுத்திவிட்டு மின்மாற்றி வேலை செய்யவில்லை என முடிவு கட்டுதல் தவறாகும்.

4. அளவுகருவியின் குறுக்கீடு. களப்பணியாளர் சிறப்பாகக் கருத வேண்டியது இது. வலப்பாதியின் மின்தேக்குத் திறன் 9 பிக்கோபாரட் எனக் கண்டோருக்கு, அலைகாட்டியின் ஆய்வுமுனை ஒன்றே சுமார் 10 பிக்கோபாரட் திறன் உடையதாக இருக்கலாம் என்பது திகைப்பளிக்கும். அம்முனையைத் தொடுத்த மாத்திரத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும், ஒத்ததிர்வெண்ணும் இடம்பெயரும். மாதிரியின் விடையும் அளவீடும் ஒவ்வாதபோது பீங்கானையோ சூத்திரத்தையோ குறை கூறுமுன், அளவுகருவியின் மின்தேக்குத் திறனை மாதிரியில் ஓர் உறுப்பாகச் சேர்த்து மீண்டும் கணித்துப் பார்க்க வேண்டும்.

5. உஷ்ணமும் வீச்சும். மேற்கூறிய சமன்பாடுகள் சிறு அதிர்வுகளுக்கே பொருந்தும். தரக் குணகம் 500, பிணைப்புக் குணகங்கள் 0.33, 0.70 எனக் கொண்டு தோராயச் சூத்திரத்தில் இட்டால், மின்பளு இல்லாத நிலையில் இத்தகடு மின்னழுத்தத்தை 580 மடங்குக்கு மேல் உயர்த்தும் என விடை வருகிறது. ஆனால் 10 வோல்ட் அளித்து 5,800 வோல்ட் பெறலாம் என்று நம்புதல் கூடாது. வீச்சு மிகும்போது பீங்கானின் உள்ளிழப்பும் மிகுந்து, தரக் குணகம் சரிகிறது.

சக்திக் கணக்கு

மின்பளுவின் தடை, ஒத்ததிர்வெண்ணில் வலப்பாதியின் மின்தேக்கி காட்டும் எதிர்ப்புக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மின்மாற்றி நன்கு பயன்படும். நமது எடுத்துக்காட்டில் அது சுமார் 2,60,000 ஓம். இத்தடையில் 5 வாட் திறன் செலவாகுமாயின் மின்னழுத்தம் சுமார் 1,140 வோல்ட்டாகும். மாதிரி இதற்கு வெகுவாக மாறுபட்ட எண்ணைத் தந்தால் எங்கோ பிழை உண்டு.

பயனுறுதிறன் 95 சதவிகிதமாயின், 5 வாட் பெறுவதற்கு வீணாகும் திறன் 0.26 வாட். அது 80 சதவிகிதமாகத் தாழ்ந்தால் வீணாவது 1.25 வாட், ஏறத்தாழ ஐந்து மடங்கு. தகட்டின் எடையோ 7.5 கிராம்தான். அதன் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 3 ஜூல் போதும். வெப்பம் வெளியேறாவிடில் ஒரு நிமிடத்தில் உஷ்ணநிலை சுமார் 25 டிகிரி ஏறும். சூடேறிய பீங்கானின் ஒத்ததிர்வெண் இடம்பெயர்கிறது. மின்மூலம் பழைய அதிர்வெண்ணிலேயே நின்றால் பயனுறுதிறன் மேலும் தாழ்கிறது. தகடு மேலும் சூடேறுகிறது. இச்சுழற்சியைத் தடுக்காவிடில் தகடு பிளக்கலாம், அல்லது முனைவாக்கத்தை இழக்கலாம். பேரியம் டைட்டனேட் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடில் அழுத்தமின் இயல்பை முற்றிலும் இழந்துவிடும். ஈய ஸிர்க்கோனேட் டைட்டனேட் வகைகள் பலவற்றுக்கு இவ்வெல்லை 300 டிகிரிக்கு மேல் உள்ளது. எனினும் எல்லைக்கு மிகக் கீழேயே அவற்றைப் பயன்படுத்துதல் மரபு.

ஆகவே நல்ல மாதிரி மின்கணக்கோடு முடிவதில்லை. மின்கணக்கு இழப்பைத் தரும். இழப்பு உஷ்ணநிலையைத் தரும். உஷ்ணநிலைக்கேற்ப மாறிலிகளைத் திருத்தி மீண்டும் மின்கணக்கைச் செய்ய வேண்டும். அடுத்தடுத்த இரு விடைகளும் ஒத்து வரும்வரை இதனைத் திரும்பச் செய்தல் முறை. மின்பளு மாறும்போதும் ஒத்ததிர்வெண் நகரும். வெளியீட்டு முனைகளைக் குறுக்கே இணைத்தால் அது தாழ்ந்தும், திறந்து விட்டால் உயர்ந்தும் நிற்கும். எனவே மின்மூலம் அதிர்வெண்ணைத் தானே தொடரும் அமைப்புடையதாக இருத்தல் வேண்டும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இவ்விளைவை எளிதில் காட்டலாம். மின்னணுக் கடைகளில் கிடைக்கும் ஒலிப்பான் வில்லைகளில் மூன்று கம்பிகள் உள்ள வகை ஒன்றுண்டு. அதன் பெரிய மின்வாய்க்குச் சில வோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்னழுத்தத்தைச் செவிக்குக் கேட்கும் அதிர்வெண்ணில் அளித்து, சிறிய மின்வாயில் தோன்றும் மின்னழுத்தத்தை அலைகாட்டியில் காணலாம். அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திச் செல்கையில், ஒலி உரக்கக் கேட்கும் அதே இடத்தில் அலையும் உயர்வதை மாணவர்கள் செவியாலும் கண்ணாலும் உணர்வர். பிறகு சிறிய மின்வாயோடு 10, 100, 1,000 பிக்கோபாரட் மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக இணைத்து அலை குறைவதைக் குறித்து, வரைபடமாக வரையச் செய்யலாம். அளவிடும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றக்கூடும் என்னும் உண்மை அவர்கள் மனத்தில் பதியும்.

ரோஸன் வகைத் தகட்டை வகுப்பில் இயக்குதல் தகாது. அதன் முனையில் ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தோன்றும். ஈயம் கலந்த இப்பீங்கானை அறுப்பதும் தேய்ப்பதும் கூடா. அதன் தூள் நஞ்சாகும். ஈயமற்ற பீங்கான்களை உருவாக்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடைபெறுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

பயிற்சி வினாக்கள்

1. ஒலி வேகம் விநாடிக்கு 3,300 மீட்டர் எனக் கொண்டு, 40 மில்லிமீட்டர் நீளமுள்ள தகட்டின் முழு அலை அதிர்வெண்ணைக் காண்க.

2. பாடத்திலுள்ள தகட்டின் கனத்தை 1 மில்லிமீட்டராகக் குறைத்தால் இரு மின்தேக்குத் திறன்களும் அவற்றின் விகிதமும் யாவை?

3. தரக் குணகம் 1,000 ஆக உயர்ந்தால் 66,000 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வின் பட்டை அகலம் எவ்வளவு? கணிப்பின் அதிர்வெண் இடைவெளியை எவ்வாறு மாற்ற வேண்டும்?

4. முழு அலை முறையில் இயங்கும் தகட்டை நடுவில் பிடித்தால் நேரும் கேடு யாது?

விடைகள்: 1. 82,500 ஹெர்ட்ஸ். 2. சுமார் 2,880 பிக்கோபாரட், 4.6 பிக்கோபாரட், விகிதம் 625. 3. 66 ஹெர்ட்ஸ், இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். 4. முழு அலை முறையில் நடுவிடம் அதிர்வு மிகுந்த எதிர்க்கணுவாகும்; அங்கு பிடித்தால் அதிர்வின் சக்தி பிடியில் வீணாகி, தரக் குணகமும் மின்னழுத்தமும் தாழும்.